வீட்டில் இருக்கும் செஸ் புத்தகங்களை வைத்து ஆட்டத்தை முன்னேற்றுவது எப்படி?

அலுமாரியில் ஒரு தட்டு நிறைய செஸ் புத்தகங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தும் ஆட்டம் அப்படியே நிற்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல பயிற்சியாளர் வேண்டுமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். அதனால் எங்களுக்குப் புத்தகம்தான் வாத்தியார்.

எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பதை நீங்கள் கடைசியாகத் தோற்ற ஆட்டத்திடம் கேளுங்கள். ஸ்கோர் ஷீட்டை, அதாவது நகர்த்தல்களை எழுதிவைத்த தாளை எடுத்து, ஆட்டம் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று பாருங்கள். எதிராளியின் குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் ராணியையும் தாக்கியது கண்ணில் படவில்லையா, புதிர்ப் புத்தகத்தை எடுங்கள். ஒரு காலாள் கூடுதலாக இருந்தும் டிராவில் முடிந்ததா, இறுதியாட்டப் புத்தகம். நடு ஆட்டத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டையை அங்குமிங்கும் நகர்த்தினீர்களா, விளக்கத்தோடு வந்த ஆட்டத் தொகுப்பு. அநேகமாக உங்களிடம் ஓப்பனிங் புத்தகங்கள்தான், அதாவது முதல் சில நகர்த்தல்களைச் சொல்லித்தருபவைதான் அதிகம் இருக்கும். அவற்றைக் கொஞ்சக் காலம் அலுமாரியிலேயே விடுங்கள். எங்கள் மட்டத்தில் எட்டாவது நகர்த்தலுக்கு மேல் எதிராளி புத்தகத்தில் உள்ளபடி ஆடுவது அபூர்வம்.

சரி, எப்படி வாசிப்பது? பலகையை விரித்துக் காய்களை அடுக்குங்கள். அடுத்த நகர்த்தலை ஒரு கடதாசியால் மூடுங்கள். நீங்களாக இருந்தால் என்ன ஆடுவீர்கள், ஏன் என்று கொப்பியில் எழுதிய பிறகுதான் கடதாசியை இறக்க வேண்டும். "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று பிறகு சொல்லிக்கொள்ள அப்போது வழியில்லை. அடைப்புக்குறிக்குள் வரும் கிளை வழிகளை ஆடிப் பார்க்கச் சின்னப் பலகை ஒன்று தனியாக இருந்தால் நல்லது.

1924 நியூயோர்க் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் கபபிளாங்கா, வெள்ளைக் காய்களோடு டார்டகோவரை வென்ற ஆட்டம் பல புத்தகங்களில் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் இன்றைக்கே எடுத்து, வெள்ளையின் 35ஆவது நகர்த்தலை மூடிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கோட்டையும் காலாள்களும்தான் மிச்சம். வெள்ளையின் சி3 காலாளை (சி பத்தியில் மூன்றாவது வரிசைக் கட்டத்தில் நிற்பது) கறுப்புக் கோட்டை குறிவைத்து நிற்கிறது. நான் கேட்ட பிள்ளைகள் எல்லோரும் அந்தக் காலாளைக் காப்பாற்றத்தான் வழி தேடினார்கள். கபபிளாங்கா ராஜாவை ஜி3க்கு நகர்த்துகிறார். சி3 காலாள் செக்கோடு போகிறது. ராஜா எச்4க்கு ஏறுகிறது. அப்புறம் எஃப்4 காலாளும் செக்கோடு போகிறது. ராஜா ஜி5, எஃப்6 என்று ஏறிக்கொண்டே இருக்கிறது. வழியில் எஃப்5இல் நிற்கும் கறுப்புக் காலாளைக்கூட அவர் வெட்டவில்லை, ஏனென்றால் பின்னாலிருந்து வரும் செக்கை அது மறைத்துக்கொள்ளும். ராஜா, ஏழாவது வரிசைக் கோட்டை, ஜி6 காலாள் மூன்றும் சேர்ந்ததும் கறுப்பு ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. வெறுமனே வாசித்தால் இதை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடலாம். காலாளைக் காப்பாற்ற நீங்களே ஒரு நகர்த்தலை எழுதிவிட்டுப் பார்க்கும்போதுதான், இறுதியாட்டத்தில் ராஜா எவ்வளவு பெரிய காய் என்பது மனதில் பதியும்.

இறுதியாட்டம் சலிப்பு என்று சொல்கிறவர்களிடம் நான் குகேஷின் ஆட்டத்தைக் காட்டுவேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டம். குகேஷுக்குக் கறுப்பு. அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55ஆவது நகர்த்தலில் கோட்டையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் கோட்டையை வெட்டி மாற்றி, பிஷப்பையும் மாற்றும்படி வைத்தார். மிச்சம் ராஜாவும் காலாளும் மட்டும் என்றால் கறுப்புக்கு வெற்றி. உலகப் பட்டமே அங்கேதான் முடிவானது.

எந்தப் புத்தகம் என்று கேட்டால், தொடக்க நிலைக்கு செர்னெவ் 1957இல் எழுதிய 'லாஜிக்கல் செஸ்: மூவ் பை மூவ்'. 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம். இறுதியாட்டத்துக்கு 2007இல் வந்த சில்மனின் புத்தகம், ஏனென்றால் அதில் பாடங்கள் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) வாரியாகப் பிரித்திருக்கும். உங்கள் மட்டத்துக்கு உள்ளதை மட்டும் படித்துவிட்டு மூடி வையுங்கள். கபபிளாங்காவின் 1921ஆம் ஆண்டுப் புத்தகம் 'செஸ் ஃபண்டமெண்டல்ஸ்' ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை இருந்தால், இ4 என்பதற்குப் பதிலாக பி-கே4 என்று அச்சிட்டிருக்கலாம். பயப்படாதீர்கள். பி என்றால் காலாள், கே என்றால் ராஜா நிற்கும் பத்தி. அதில் பத்திகளைத் தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயின் பெயரால் சொல்லி, ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்திலிருந்து வரிசையை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும்.

ஃபோனில் இருக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருளைக் கொப்பியில் எழுதி முடித்த பிறகு திறவுங்கள். பழைய புத்தகங்களில் உள்ள கணக்குப் பிழைகளை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் யார் எவ்வளவு முன்னிலை என்ற எண்ணையும் நல்ல நகர்த்தல்களையும்தான் காட்டும், காரணம் சொல்லாது.

நீங்களும் மலைநாடு என்றால் இன்னொன்று. ஜூன், ஜூலை மழையில் பக்கங்களில் பூஞ்சணம் பிடிக்கும். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். பெப்ரவரி வெயிலில் ஒருமுறை விரித்துக் காயவையுங்கள்.

பக்கத்தில் செஸ் ஆடும் தம்பியோ தங்கையோ இருந்தால் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் நகர்த்தலை மறைத்து வைத்துக் கேட்கட்டும், நீங்கள் பலகையைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு இடம் மாறுங்கள். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள். கேள்வி கேட்கிறவர் விளக்கத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டியிருப்பதால் அவருக்கும் ஆட்டம் நன்றாகப் பிடிபடுகிறது. உங்களிடம் உள்ள புத்தகங்களின் பெயர்களையும் அண்மையில் தோற்ற ஒரு ஆட்டத்தையும் எழுதுங்கள், எதை முதலில் எடுக்கலாம் என்று சொல்கிறேன்.