கழிவு பீடியும் உவர் நீரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாயார் 40 ஆண்டுகள் பீடி சுற்றியவர், இப்போது ஓயாத இருமலோடு படுத்திருக்கிறார். அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசியவர் இத்தகைய துன்பமும் வன்முறைதான் என்றார். அம்மாவை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை; பீடிக் காசில்தான் நாங்கள் படித்தோம். இது மிகைச்சொல் அல்லவா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: மிகைச்சொல்லாக எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் உங்கள் தயக்கம் நியாயமானது. வன்முறை என்றதும் நம் மனம் ஓங்கிய கையைத் தேடுகிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி கேட்டு நடந்த ஊர்வலம் தடியடியால் கலைக்கப்பட்டு, தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்த 1999 ஜூலை 23ஆம் நாளை நெல்லை மறக்கவில்லை. அதற்கு முன் பல்லாண்டு வாங்கிய குறைகூலிக்கும், வேலை முடிந்ததும் காலி செய்ய வேண்டிய லயன் வீட்டுக்கும் (தோட்டத்து வரிசை வீடு) அப்படி ஒரு நாள் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பீடிக்கடையில் எண்ணிக் கொடுக்கும்போது சரியில்லை என்று ஒதுக்கப்படும் கழிவு பீடிக்குக் கூலி கிடையாது. நாளொன்றுக்கு 50 பீடி கழிந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 300 நாள், 40 ஆண்டு என்றால் 6 லட்சம் பீடி. நாளுக்கு 1,000 சுற்றுபவருக்கு அது முழுதாக 2 ஆண்டு உழைப்பு. ஒருவர் சம்பளத்தை 2 ஆண்டு நிறுத்திவைத்தால் ஊரே கேட்கும். ஐம்பது ஐம்பதாகப் போனதால் உங்கள் தாயார்கூடக் கேட்டிருக்க மாட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நாம் எறும்பின் பக்கமிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம்.

புகையிலைத் தூளும் அப்படித்தான். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. ஆனால் காற்றோட்டம், துப்புரவு பற்றிய அதன் விதிகள் தொழிற்கூடத்துக்கு உரியவையாக இருந்தன, குடியிருக்கும் வீடோ அச்சட்டப்படி தொழிற்கூடம் ஆகவில்லை. ஆகவே மடியில் சுளகும் பக்கத்தில் தொட்டிலுமாக அவர் உட்கார்ந்திருந்த அறை, சட்டத்தின் கண்ணில் வெறும் வீடு. இருமல் முற்றி மருத்துவரிடம் போகும்போது வயதைக் கேட்பார்கள். வேலையைக் கேட்பவர் அரிது.

பீடிக் காசில் படித்தோம் என்கிறீர்களே, இது நீடிப்பதற்கு முதற்காரணமே அதுதான். நன்மையும் தீமையும் ஒரே கையில் வந்து சேர்கின்றன. நன்மை அந்த வாரமே வருகிறது, தீமை முப்பது ஆண்டு கழித்து முதுமை என்ற பெயரில் வருகிறது. நன்றியோடு இருப்பவரால் குற்றம் சாட்ட முடிவதில்லை. அடித்தவர் யார் என்று நீங்கள் தேடுவது வீண். சுற்றுபவரின் நெஞ்சு கெடுவதை யாருடைய செலவுக் கணக்கிலும் சேர்க்காமல் விலை வைத்த ஏற்பாட்டைத்தான் வன்முறை என்கிறார்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. பல ஆண்டுகளாகக் கிணறு உவர்த்து வெற்றிலைக் கொடிக்கால் அழிகிறது. அதற்கு ஏன் ஒன்றும் இல்லை?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: வெள்ளம் அரசு நிவாரணம் தரும் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது, புயல், வறட்சி, சுனாமி, ஆலங்கட்டி மழைகூட இருக்கின்றன. நிலம் உவர்ப்பது இல்லை. அது நடந்த நாளை ஒருவராலும் சொல்ல முடியாததே அதன் குறை. ஆற்று மணல் நீரைத் தேக்கிவைக்கும். அதை அள்ள அள்ள ஆற்றுப்படுகை தாழ்ந்து, நிலத்தடி நீர் இறங்கி, கழிமுகத்தில் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. அள்ளியவருக்கு அன்றே காசு. இழப்பு மட்டும் பல மைல் தள்ளி, பல ஆண்டு கழித்து, வேறு யாரோ ஒருவருடைய தோட்டத்தில்.

கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தாமே வாதாடி, 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை பெற்றார். 2023 ஏப்ரலில் அதே ஆற்றங்கரையிலுள்ள முறப்பநாட்டில் மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று ஒரு நாள் அந்த மணல் தலைப்புச் செய்தியானது.

உங்கள் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைத் தேதியிட்ட தாளில் வாங்கி வையுங்கள்: மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்று, மழை ஓய்ந்தபின் தையில் ஒன்று. பக்கத்துக் கொடிக்கால்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.