தோவாளையும் கொல்லங்கோடும் மட்டும் பொருந்தாதது ஏன்?

ஊர்ப்பெயரை ஒரு விரிதாளிலிருந்து எடுத்து ஊர்ப்பட்டியல் தாளில் தேடும் உங்கள் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவில் தவறில்லை. ஐந்து மாணவர்கள் சேர்ந்து நிரப்பிய கிணற்றுநீர்த் தாளில் முட்டம், குளச்சல் பொருந்துகின்றன. தோவாளை, கொல்லங்கோடு மட்டும் பிழை காட்டுகின்றன என்கிறீர்கள். பொருந்தாத இரண்டிலும் ஒகர, ஓகாரக் குறி இருக்கிறது பாருங்கள், விஷயம் அங்கேதான்.

ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 'தோ'வை இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஊர்ப்பட்டியலில் இப்படி நேர்வதுண்டு.

சோதிக்க, இரண்டு தாளிலும் முதலில் ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ட்ரிம் (TRIM), பிறகு குறியீடுகளை எண்ணும் லென் (LEN) போட்டுப் பாருங்கள். தோவாளைக்கு ஒன்றில் 6, மற்றதில் 7 வந்தால் இதுதான். ட்ரிம் போட்டதுமே பொருந்திவிட்டால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்திருக்கலாம், ட்ரிம் போதும்.

சரிசெய்ய, பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் இருந்தால் யூனிகோடுடேட்டாவின் (unicodedata) நார்மலைஸ், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவம். இல்லையென்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE): 3014 (ஒற்றைக்கொம்பு), 3006 (கால்) சேர்ந்து வருமிடத்தில் 3018 (ஒகரக் குறி); 3015 (இரட்டைக்கொம்பு), 3006 சேர்ந்து வருமிடத்தில் 3019 (ஓகாரக் குறி). எண்களை யூனிகார் (UNICHAR) எழுத்தாக்கித் தரும். மூலத்தாளைத் தொடாமல் பக்கத்துப் பத்தியில் செய்யுங்கள்.

ஆனால் ஒருவர் தேங்காய்ப்பட்டணம் என்றும் இன்னொருவர் தேங்காப்பட்டணம் என்றும் எழுதியிருந்தால் இது உதவாது. எது சரி என்று ஐந்து பேரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அப்புறம் ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். ஊருக்கு ஓர் எண் கொடுத்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். எங்கள் குழு இதைத் தாமதமாகச் செய்து, இரண்டு வாரம் கையால் திருத்தியது.