காரைக்குடியில் கல்லூரி சேரும் நரிக்குறவர் மாணவிக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும்?

காரைக்குடியில் கல்லூரி சேரப்போகும் நரிக்குறவர் மாணவி ஒருவருக்காக இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அவரிடம் இருப்பது பழைய எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023-இல்தான் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் வாங்கிய சான்றிதழைக் காட்டினால் 1 சதவீதப் பழங்குடி ஒதுக்கீடு கிடைக்காது. புதிதாக எடுத்தே ஆக வேண்டும்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திடுபவர் தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). காரைக்குடிக்காரர்களுக்குத் தேவகோட்டை கோட்டம். இ-சேவையில் விண்ணப்பித்தாலும் விசாரணை நடக்கும். ஊர் ஊராகப் போய் ஊசி மணி விற்கும் குடும்பத்தில் விசாரணை நாளில் வீட்டில் ஆள் இருக்காது, கோப்பு தேங்கிவிடும். அப்பா அல்லது உடன்பிறந்தவரின் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள், பிளஸ் ஒன்னிலேயே தொடங்குங்கள்.

உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்து, இயக்கத்திலும் இருக்க வேண்டும். செயலற்ற கணக்கென்றால் பணம் திரும்பிவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

சேர்ந்த பிறகு பெரிய ஆபத்து வருகைப்பதிவு. பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி பங்குனி உத்திரம் என்று திருவிழா வியாபாரத்துக்குக் குடும்பம் கிளம்பும்போது பிள்ளையும் கூடவே போய்விடுகிறாள். அவள் ஊரிலேயே தங்கிப் படிக்க, விடுதி இடத்துக்குச் சேர்க்கை நாளன்றே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.