வாசகர் கேள்வி-பதில்: ராஜா தலை ரூபாயில் வெள்ளி எவ்வளவு?

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): பாட்டியின் தகரப்பெட்டியில் ஒரு சுருக்குப்பை நிறைய ராஜா தலை ரூபாய்கள் இருந்தன. சிலவற்றில் 1916, 1919 என்றும், சிலவற்றில் 1942, 1944 என்றும், இரண்டில் 1947 என்றும் ஆண்டு உள்ளது. திருநெல்வேலி டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, "எல்லாம் வெள்ளி ரூவாதான், மொத்தமாக நிறுத்து எடுத்துக்கொள்கிறோம்" என்று கிராமுக்கு ஒரே விலை சொன்னார்கள். கொடுக்கலாமா?

பதில்: அப்படியே கொடுத்துவிடாதீர்கள். தங்கள் சுருக்குப்பையில் மூன்று வகை நாணயங்கள் உள்ளன. மூன்றுக்கும் ஒரே விலை என்றால், வாங்குகிறவர் நஷ்டப்பட மாட்டார். மட்டமான வகையின் விலையைத்தான் மொத்தத்துக்கும் போட்டிருப்பார்.

1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, மிச்சம் ஒரு பங்கு கலப்பு உலோகம். இந்த எடை ஒரு தோலாவுக்குச் சமம் என்பதால்தான் நம் பக்கத்து ஆசாரிகளும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் நாணயத்தையே படிக்கல்லாக வைத்துக்கொண்டு "ரூபாய் எடை" என்று கணக்குச் சொல்லி வந்தார்கள். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் ரூபாய்கள் எல்லாம் இந்தத் தரத்தில் அச்சிடப்பட்டவை. எனவே தங்களிடம் உள்ள 1916, 1919 ஆண்டு ரூபாய் ஒவ்வொன்றிலும், தேய்மானத்தைக் கழித்தது போக, ஏறத்தாழ 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கவே, 1940இல் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. புதிய கலவையில் நூற்றுக்கு 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். ஆனால் எடையை மாற்றவில்லை, அதே 11.66 கிராம்தான். ஆறாம் ஜார்ஜின் தலை பொறித்த 1939ஆம் ஆண்டு ரூபாயையும் 1942ஆம் ஆண்டு ரூபாயையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால் முள் அசையாது. ஆனால் இரண்டாவதில் இருக்கும் வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. ஆகவே நாணயத்தைப் பொறுத்தவரை எடையைவிட ஆண்டே முக்கியமான சான்று.

நல்ல வெள்ளி நாணயங்கள் 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாதவை ஆக்கப்பட்டன; முதலில் விக்டோரியா, அடுத்து எட்வர்டு, கடைசியில் ஜார்ஜ். திருப்பிக் கொடுக்கச் சொன்ன பிறகும் கொடுக்காமல் பெட்டிக்குள் போட்டு வைத்த பாட்டிமார்களுக்கு உலோகக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம். பாதி வெள்ளி ரூபாயும் நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியை வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டியிருந்ததால், அந்த நாணயங்களும் திரும்பப் பெறப்பட்டு, அவற்றின் இடத்தில் நிக்கல் நாணயம் வந்தது. மறுபக்கத்தில் புலி நிற்கும் 1947ஆம் ஆண்டு ரூபாய் அந்த வகை. அதில் வெள்ளி துளியும் இல்லை. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஒட்டாது.

ஆண்டு தேய்ந்து தெரியாத நாணயம் இருந்தால், உரைகல்லில் தேய்க்க விடாமல் வீட்டிலேயே சோதிக்கலாம். நூற்றில் ஒரு பங்கு கிராம் காட்டும் மின்தராசு ஒன்று போதும். முதலில் நாணயத்தை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மீது தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால், நல்ல வெள்ளி ரூபாய்க்கு 10.3 அளவிலும், பாதி வெள்ளி ரூபாய்க்கு 9.5 அளவிலும் விடை வரும். தேய்ந்த நாணயத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

மூன்று வகையையும் பிரித்து, தனித்தனியே விலை கேளுங்கள்.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): இப்போது புழங்கும் நாணயங்களில் சிறிதளவாவது வெள்ளி உண்டா?

பதில்: கிடையாது. இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் துருப்பிடிக்காத எஃகு. 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக வெளிவந்த 15 கிராம் எடையுள்ள பத்து ரூபாய் நாணயத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி உண்டு. ஆனால் அது நினைவு நாணயம், சில்லறையாகக் கைமாறுவதற்கு வந்ததன்று.

கேள்வி (சேரன்மகாதேவி வாசகர்): கறுத்துப்போன வெள்ளி ரூபாயைத் திருநீறு போட்டுத் துலக்கலாமா?

பதில்: உருக்கிக் குழந்தைக்கு அரைஞாண் செய்யப் போகிறீர்கள் என்றால் எதைப் போட்டுத் துலக்கினாலும் ஒன்றுதான். விற்கவோ சேர்த்து வைக்கவோ எண்ணினால் தொடவே வேண்டாம். நாணயம் சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்பை அழுக்காகக் கருதுவதில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கியதற்குத்தான் விலையைக் குறைப்பார்கள். முக்கியமாக 1911ஆம் ஆண்டு ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் மன்னரின் அங்கியில் பொறித்த யானை, துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டிலிருந்து உருவத்தைத் திருத்தினார்கள். அத்தகைய நாணயத்துக்கு வெள்ளி விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குவார்கள்.