பேஸ் கிட்டாருக்கு எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர்? சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

ஈசூன்: அண்ணே, என்னிடம் இருப்பது 15 வாட் ஆம்ப், 8 அங்குல ஸ்பீக்கர். தடித்த கம்பியை வாசித்தால் வெறும் 'டொக் டொக்'தான். 100 வாட் வாங்கினால் சரியாகுமா?

வாட்டைக் கூட்டினால் மட்டும் சரியாகாது தம்பி. அந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸ் என்றால் 31 வரை இறங்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், சின்னப் பெட்டிக்குள் இருக்கும் 8 அங்குலக் கூம்பு திணறும். பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் இன்னும் மோசம். அதைக் கொஞ்சம் குறைத்து, லோ மிட் குமிழை (பேஸுக்குச் சற்று மேலுள்ள ஒலிகளுக்கானது) ஏற்றிப் பாருங்கள். 80 ஹெர்ட்ஸுக்கு மேல் தெளிவாக வந்தாலே காது சுருதியைப் பிடித்துக்கொள்ளும். வீவக அடுக்குமாடி வீட்டில் தாழ்ந்த ஒலி கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். அதனால் ஆம்பை வெறுந்தரையில் வைக்காதீர்கள், இரவில் ஹெட்போன் போடுங்கள்.

பொங்கோல்: ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) பின்னால் '500 வாட், குறைந்தது 4 ஓம்' என்றிருக்கிறது. என் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) 8 ஓம். ஆம்ப் கெட்டுப்போகுமா?

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் கெடாது. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. 8 ஓமில் மின்னோட்டம் குறையும், 500 வாட் என்பது ஏறக்குறைய 300 ஆகும். எண்ணைப் பார்த்தால் பெரிய நஷ்டமாகத் தோன்றும், காதுக்கு அது 2 டெசிபல்தான். வாட்டை இரட்டிப்பாக்கினாலே 3 டெசிபல்தான் கூடும். அதனால்தான் வாட்டை விசாரிக்கும் முன் கேபினட்டின் சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதை, விசாரியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 97 டெசிபல் கேபினட்டிலிருந்து 100 டெசிபலுக்கு மாறினால், அதே ஆம்பில் வாட்டை இரட்டித்த பலன் கிடைக்கும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போனால் உங்கள் பேஸையே கொண்டுபோய் வாசியுங்கள், நாலடி தள்ளி நின்று கேளுங்கள்.

அப்புறம், அதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினட் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 4 ஓம். ஆம்ப் முழு 500ஐயும் தரும், கூம்புப் பரப்பும் இரட்டிக்கும். மூன்றாவதைச் செருகவே வேண்டாம். 2.7 ஓமுக்கு இறங்கி, ஆம்ப் சூடேறி நின்றுவிடும், அல்லது கருகும். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் கதை வேறு. ஓமைச் சரியாகப் பொருத்த வேண்டும், ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது.

உட்லண்ட்ஸ்: ஹெட்டையும் கேபினட்டையும் கிட்டார் கேபிளால் இணைக்கலாமா?

கூடாது. அதன் உள்கம்பி மெல்லியது, சூடாகும். ஸ்பீக்கர் கேபிளே வாங்குங்கள்.

தெம்பனிஸ்: அண்ணா, சமூக மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சி. மேடையில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. பெரிய ஆம்ப் வாங்கணுமா?

முதலில் கீபோர்டுக்காரரின் இடது கையைக் கவனியுங்கள் தங்கச்சி. நீங்கள் வாசிக்கும் அதே தாழ்ந்த சுரங்களை அவரும் அழுத்திக்கொண்டிருப்பார். தவிலும் சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே நெரிசல். இடது கையை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றச் சொல்லுங்கள், நீங்கள் 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் கூட்டுங்கள். மண்டபத்துக்கு டிஐ (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு அனுப்புங்கள். மேடை ஆம்ப் உங்கள் காதுக்குத்தான், 12 அங்குலம் ஒன்று போதும். முழங்காலைப் பார்க்க வைக்காமல் முகத்தைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். நியோடிமியம் காந்தம் உள்ளதாக வாங்கினால் டாக்சியில் ஏற்றி இறக்கச் சிரமம் குறையும்.

செங்காங்: அமெரிக்காவிலிருந்து மலிவாக ஒரு ஹெட் வருகிறது, வாங்கலாமா?

பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230இல் நேராகச் செருகக் கூடாது. தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் விலையையும் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.