வஞ்சிரமா, சூடையா? வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்குச் சத்து வேண்டுமென்று விலை பார்க்காமல் வஞ்சிரம் வாங்குகிறேன். மாமியாரோ, ‘சூடை வாங்கி ஆணம் (குழம்பு) வை, போதும்’ என்கிறார். எது சரி?
– வாசகி, கீழக்கரை

மாமியார் சொல்வதையே கேளுங்கள். சூடை, சாளை, நெத்திலி போன்ற சிறுமீன்களில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு தாராளம். நெத்திலியை முள்ளோடு மெல்லுவதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும்; வஞ்சிரத்தில் முள்ளை ஒதுக்கிவிடுகிறோமே! சிறுமீனைத் தின்றே வளரும் பெரிய மீன்களில் பாதரசமும் கூடுதல். அதனால் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் சுறா வேண்டாம். (சுறாப்புட்டுப் பிரியர்கள் கோபிக்கலாம். காரல் மீன் ஆணம் இருக்கிறதே!)

வாரம் 2 நாள், பெரியவர்களுக்குத் தலைக்கு 100 முதல் 150 கிராம் போதும். பொரித்தால் மீனின் கொழுப்பில் கொஞ்சம் சட்டி எண்ணெயில் இறங்கிவிடும். ஆணத்தில் இறங்கினால் சோற்றோடு வயிற்றுக்குள்தான் போகும். புளியும் மசாலாவும் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு மீனைப் போட்டு, சிறுதீயில் 7, 8 நிமிடத்தில் இறக்குங்கள். முதலிலேயே போட்டால் சூடை கரைந்து முள்தான் மிஞ்சும்.

வாங்கும்போது வயிற்றைப் பாருங்கள். சூடைக்கு முதலில் உடைவது அதுதான். குடல் நொதிகளே தசையை அரித்துவிடும். வயிறு வெடித்தது வேண்டாம்.

சூரை மீன் தின்றால் சில நாள் மட்டும் முகம் சிவந்து அரிக்கிறது. அலர்ஜியா?
– வாசகர், தொண்டி

எல்லா நாளும் வந்தால் அலர்ஜியைச் சந்தேகிக்கலாம். சில நாள் மட்டும் என்றால், அன்றைய மீன் ஐஸ் இல்லாமல் கிடந்திருக்க வாய்ப்பு அதிகம். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் பாக்டீரியா பெருகி, அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். கொதித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மீன் நாறாமலும் இருக்கும். நாக்கில் மிளகுபோல் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். ஐஸில் புதைத்து வைத்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். வீடு தூரமென்றால் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு எடுத்துப்போங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரஷர் இருப்பவர் கருவாடு சாப்பிடலாமா?
– வாசகர், மண்டபம்

தினமும் கூடாது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, நடுவே 3 முறை தண்ணீரை மாற்றினாலும் உப்பு முழுதாகப் போகாது. எப்போதாவது ஆசைக்கு ஒரு துண்டு என்றால், குழம்பில் தனி உப்பு போடாதீர்கள். அன்று ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். உப்பிடாமல் காயவைத்த நெத்திலி கிடைத்தால் இன்னும் நல்லது.