நெல்லிக்காய் ஜூஸ் குடித்தும் முடி கொட்டுவது ஏன்?

கேள்வி: என் வயது 29. மூன்று மாதத்துக்கு முன் டெங்கு வந்து குணமானது. இப்போது தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. ஆன்டி ஆக்ஸிடன்ட் முடியை வளர்க்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதமாக நெல்லிக்காய் ஜூஸும் சாப்பிட்டவுடன் கிரீன் டீயும் குடிக்கிறேன். பலனே இல்லையே?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். இன்று கொட்டும் முடியின் கதை உங்களுக்குக் காய்ச்சல் அடித்த அன்றே முடிந்துவிட்டது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் வளரும். அப்புறம் இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கும், சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு உதிரும். சாதாரணமாகப் பத்தில் ஒரு முடிதான் ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல் வந்தால் ஏராளமான வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவைதான் இப்போது மொத்தமாக விழுகின்றன. எந்த ஜூஸாலும் அவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. வேர் சாகவில்லை, அதனால் புது முடி முளைக்கும். மாதத்துக்கு ஒரு செ.மீ. அளவில்தான் வளரும் என்பதால் கண்ணுக்குத் தெரிய நாளாகும்.

சரி, ஆன்டி ஆக்ஸிடன்ட்? கிரீன் டீயில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்டைச் சோதனைக்கூடத்தில் மனித முடி வேர்களில் சேர்த்தபோது அவை கூடுதலாக வளர்ந்ததைக் கொரிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். வேரில் நேரடியாகச் சேர்ப்பதும் கோப்பையில் குடிப்பதும் ஒன்றல்ல. குடிப்பதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும்.

உங்கள் பழக்கத்தில் ஒன்றை மட்டும் இன்றே மாற்றுங்கள். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் டீக்குத் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் தடுக்கும். இரும்புச்சத்து குறைந்தாலும் முடி கொட்டும். நம் பெண்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் குறை இது. டீயைச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நெல்லிக்காயை அதற்கு நேர்மாறாக, சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் வைட்டமின் சி அந்த இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். ஜூஸாகத்தான் வேண்டும் என்றில்லை, தயிர்ப்பச்சடியாகவோ துவையலாகவோ இருக்கலாம். காய்ச்சலில் சாப்பிடாமல் விட்டதை ஈடுகட்ட முட்டை, பருப்பு, சுண்டலும் வேண்டும்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். முடிவு தெரியாமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். முடிக்காகப் பலரும் போடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். அதற்குக் காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு.